255இல் முடிந்துபோகும் வாக்கியங்கள்

"நிலத்தை விற்க அவர் ஒப்புக்கொண்டார் என்பது உண்மை அல்ல." கள ஆய்வுக்குச் சென்று திரும்பிய எவருடைய குறிப்பேட்டிலும் இருக்கக்கூடிய வாக்கியம் இது. (இலக்கணப்படி 'அன்று' என்றிருக்க வேண்டும், வாக்குமூலம் தருபவர்கள் இலக்கணப்படி மறுப்பதில்லை.) யுடிஎஃப்-8 முறையில், முற்றுப்புள்ளியை நீக்கிக் கணக்கிட்டால், இவ்வாக்கியம் 144 பைட்டு இடம் பிடிக்கும். இதனை 128 பைட்டு மட்டுமே கொள்ளும் ஒரு நெடுவரிசைக்கு மாற்றி, மிஞ்சுவதை மென்பொருள் தன் விருப்பப்படி வெட்டிக்கொள்ள விட்டால், எஞ்சுவது: "நிலத்தை விற்க அவர் ஒப்புக்கொண்டார் என்பது உண்ம". ஈற்றில் உள்ள அச்சொல்லைப் பேச்சுவழக்கு என்றோ தட்டச்சுப் பிழை என்றோ கருதி, ஓர் ஐகாரத்தைச் சேர்த்து 'உண்மை' என்று திருத்திவிடும் உதவியாளர் எல்லாத் துறைகளிலும் உண்டு. திருத்தியபின் அது மறுப்பாக இராது, ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும். பொய் சொன்னவர் எவரும் இல்லை. ஒரு நெடுவரிசையின் வகை மட்டுமே மாற்றப்பட்டது.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் சமூக அறிவியல், மொழியியல், வரலாற்றுத் துறைகளில் தரவுத்தளம் என்பது எழுத்தர் வேலை என்ற நினைப்பு இன்றும் வலுவாக இருக்கிறது. ஆய்வேட்டின் முறையியல் இயலில் மாதிரி எடுத்த விதம், வினாநிரலை வடிவமைத்த விதம், நேர்காணல் நடந்த சூழல் என்று பக்கங்கள் நிரம்பும். அந்த நேர்காணலின் சொற்கள் எந்த அகலமுள்ள பெட்டியில் வைக்கப்பட்டன, பின்னர் எந்தப் பெட்டிக்கு மாற்றப்பட்டன, மாற்றும்போது ஏதேனும் சிந்தியதா என்று ஒரு வரிகூட இராது. 'தரவைத் துப்புரவு செய்தோம்' என்ற ஒற்றைச் சொற்றொடருக்குள் அனைத்தும் அடக்கம். நீண்ட உரை வகையிலிருந்து குறுகிய உரை வகைக்கு மாற்றுவது துப்புரவுப் பணி என்று எவ்வாறு பெயர் பெற்றது என்பதே விளங்கவில்லை. பிறருடைய கூற்றின் எப்பகுதி நிற்க வேண்டும், எப்பகுதி போக வேண்டும் என்று முடிவு செய்வதற்குப் பழைய பெயர் ஒன்று இருக்கிறது: பதிப்பித்தல். பதிப்பாசிரியர் பெயர் போடாமல் நடக்கும் பதிப்பு இது.

பழைய பதிப்பாசிரியர்களோடு ஒப்பிட்டால் வெட்கப்படவே நேரும். புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. ஆயினும் அந்த எண்கள் பதிப்புகளில் காலியாகவே நிற்கின்றன, 269 முன்னே நகர்ந்து 267 ஆகவில்லை. கல்வெட்டுத் தொகுதிகளில் சிதைந்த இடங்கள் புள்ளிகளாலும் அடைப்புகளாலும் காட்டப்படுகின்றன. செல்லரித்த ஏடுகூடத் தன் ஓட்டையை மறைப்பதில்லை. தரவுத்தளம் வெட்டிய வாக்கியத்தில் மட்டும் வெட்டுவாய் தெரிவதில்லை. புள்ளியும் இல்லை, அடைப்பும் இல்லை, முழுமையான மதிப்பைப் போலவே அது அமர்ந்திருக்கிறது. விடுபட்ட விடை ஒன்று வெற்றிடமாகத் தெரியும். புள்ளியியலாளர் அதனை எண்ணுவார், விடுபட்டதற்கான காரணத்தை ஆராய்வார். துண்டிக்கப்பட்ட விடை எந்த எண்ணிக்கையிலும் சேராது.

அதிலும், வெட்டு எல்லா மொழிகளையும் ஒரே விதமாகக் காயப்படுத்துவதில்லை. தரவுத்தளங்கள் வெட்டுவது எப்போதும் வால் பக்கத்தில். ஆங்கில வாக்கியத்தில் எழுவாயும் வினையும் மறுப்பும் பெரும்பாலும் முன்பாதியிலேயே வந்துவிடுகின்றன. வாலை வெட்டினால் போவது இடமாகவோ நேரமாகவோ அடையாகவோ இருக்கும். தமிழில் வினைமுற்று கடைசியில் நிற்கிறது. காலம், திணை, பால், எதிர்மறை, ஐயம் ஆகிய எல்லாம் அந்தக் கடைசிச் சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. "அவன்தான் எடுத்தான் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள்" என்ற கூற்றில் பின்பாதி போனால் வதந்தி சாட்சியமாகிவிடும். "போக விரும்பவில்லை" என்பதில் சில எழுத்துகள் போனால் விருப்பம் மட்டும் மிஞ்சும். தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகியவற்றிலும் இதே நிலை. வங்காளத்தில் எதிர்மறைச் சொல் வினைக்கும் பின்னால் வருகிறது. இந்தியில் அது வினைக்குச் சற்று முன்னர் வந்தாலும், வினையே வாக்கியத்தின் கோடியில்தான் இருக்கிறது. காஷ்மீரியும் காசியும் போன்ற சில மொழிகளை விலக்கினால், இந்திய மொழிகளில் பெரும்பாலானவற்றுக்கு வாலில்தான் உயிர். ஆங்கிலத்தில் எழுதி ஆங்கிலத்தில் சோதித்துப் பழகிய ஒரு வசதியை அப்படியே எடுத்து இம்மொழிகளின்மேல் வைப்பதன் விளைவு இது.

நீளம் என்ற சொல்லே இங்கு ஒரு பொருளைக் குறிப்பதில்லை. 'தமிழ்' என்ற சொல்லுக்குப் பள்ளிக் குழந்தையின் கணக்கில் மூன்று எழுத்து. ஒருங்குறியின் கணக்கில் ஐந்து குறியெண்கள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யுடிஎஃப்-8 கணக்கில் 15 பைட்டு. அதே சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதினால் ஐந்து, ஐந்து, ஐந்து. மூன்று அளவுகோல்களும் ஒன்றாக நிற்கும் மொழியில் வாழ்பவருக்கு எந்த அளவுகோல் என்ற கேள்வியே எழாது. தமிழருக்கு அது ஒவ்வொரு முறையும் எழ வேண்டும், பெரும்பாலும் எழுவதில்லை.

மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்ளலாம். இந்தியக் கல்வி நிறுவனங்களின் இணையதளங்கள், எண்ம ஆவணக் காப்பகங்கள், நூலக மென்பொருள்கள் எனப் பலவற்றின் அடித்தளம் அதுவோ அதன் உறவினரான மரியாடிபியோதான். அதில் வார்ச்சார் என்ற வகை குறியெண்களால் அளக்கப்படுகிறது. டெக்ஸ்ட் குடும்பத்து வகைகளோ பைட்டுகளால் அளக்கப்படுகின்றன: டைனிடெக்ஸ்ட் 255 பைட்டு, டெக்ஸ்ட் 65,535, மீடியம்டெக்ஸ்ட் 1,67,77,215, லாங்டெக்ஸ்ட் ஏறத்தாழ நான்கு ஜிகாபைட்டு. ஒரே மென்பொருளுக்குள் இரண்டு அளவுகோல். வார்ச்சார் 255 என்றிருந்த நெடுவரிசையை, இரண்டும் 255தானே என்று நம்பி டைனிடெக்ஸ்டாக மாற்றுபவர் ஆங்கிலத் தரவில் எதையும் இழக்கமாட்டார். தமிழ்த் தரவில், முன்பு 255 குறியெண்கள் நின்ற இடத்தில் இனி 85 மட்டுமே நிற்கும். மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. எண்ணில் ஒரு மாற்றமும் இல்லை.

இவ்வாறு போகும்போது மைஎஸ்க்யூஎல் என்ன செய்யும் என்பது பதிப்பையும் அமைப்பையும் பொறுத்தது. 2015இல் வெளிவந்த 5.7 பதிப்பிலிருந்துதான் கண்டிப்பு முறை இயல்பமைப்பாயிற்று; அம்முறையில் இடம் போதாத மதிப்பு பிழையாக மறுக்கப்படும். அதற்கு முன்பு, யாரும் தனியே அமைக்காவிட்டால், மதிப்பு வெட்டப்பட்டு உள்ளே சென்றுவிடும். ஓர் எச்சரிக்கை மட்டும் பதிவாகும். எச்சரிக்கைகளைக் கேட்டு வாங்கிப் படிக்கும் பழக்கம் எத்தனை பேருக்கு இருந்தது? இன்றும் பழைய பயன்பாடுகளை நிறுவுவோர் முதல் பிழைச் செய்தியைக் கண்டவுடன் செய்வது கண்டிப்பு முறையை அணைப்பதுதான். காவலர் சத்தம் போடுகிறார் என்று காவலரை வீட்டுக்கு அனுப்பிவிடும் தீர்வு இது. கண்டிப்பு முறை இருந்தாலும் தப்பிவிடும் ஓட்டைகளும் உண்டு. பல வரிசைகளில் உள்ள விடைகளை ஒன்றாகக் கோக்கும் க்ரூப் கான்கேட் என்ற செயற்கூறு மைஎஸ்க்யூஎல்லில் இயல்பாக 1,024 பைட்டோடு நின்றுவிடும். தமிழில் 341 குறியெண்கள். ஓர் ஊரின் எல்லா விடைகளையும் கோத்துப் படிக்க நினைத்தவர் முதல் சிலருடைய விடைகளை மட்டும் படித்துவிட்டு ஊரைப் பற்றி எழுதுவார்.

வெட்டப்பட்ட உரை வெறும் குறைந்த உரையாக மட்டும் இருப்பதில்லை, வேறோர் உரையாகவே ஆகிவிடுகிறது என்பதைப் பாதுகாப்புத் துறையினர் முன்பே கற்றுக்கொண்டனர். 2015 ஏப்ரலில் வேர்ட்பிரஸ் மென்பொருளில் வெளிப்பட்ட ஒரு குறைபாட்டில், 64 கிலோபைட்டுக்கும் மேற்பட்ட பின்னூட்டம் ஒன்று டெக்ஸ்ட் நெடுவரிசைக்குள் செல்லும்போது வெட்டப்பட்டது. முழு உரையாகச் சோதிக்கப்பட்டபோது தீங்கற்றதாக இருந்த அது, வால் போனபின் தீங்கு விளைவிக்கும் நிரலாக மாறியது. 4.2.1 என்ற அவசரப் பதிப்பு அதன்பொருட்டே வந்தது. சோதித்தது ஓர் உரையை. சேமித்தது மற்றோர் உரையை. ஆய்வுத் தரவில் இதே மாற்றம் நிகழும்போது அவசரப் பதிப்பு எதுவும் வருவதில்லை. கட்டுரை வெளிவந்துவிடுகிறது.

போஸ்ட்கிரெஸ் இவ்விஷயத்தில் நேர்மையானது என்று சொல்லப்படுவதில் பாதி உண்மை. நீண்ட மதிப்புகள் உள்ள நெடுவரிசையின் அகலத்தைக் குறைக்க முயன்றால் அது மறுத்துவிடும். ஆனால் ஒரு மதிப்பைக் குறுகிய வார்ச்சார் வகைக்கு வெளிப்படையாக மாற்றச் சொன்னால், ஒரு சொல்லும் சொல்லாமல் வெட்டிக் கொடுத்துவிடும். எஸ்க்யூஎல் தரநிலை அவ்வாறே செய்யச் சொல்கிறது. ஆகவே மறுப்பைச் சந்தித்தவர் அடுத்த அரை மணி நேரத்தில் இந்த வெளிப்படை மாற்றத்தைக் கட்டளையில் சேர்க்கும் வழியை எங்கிருந்தாவது அறிந்துகொள்கிறார். கட்டளை வெற்றி பெறுகிறது. அந்த வெற்றியின் பொருள் என்ன என்று எவரும் கேட்பதில்லை. இத்தனைக்கும் போஸ்ட்கிரெஸ்ஸில் அகல வரம்புள்ள வார்ச்சாருக்கும் வரம்பில்லாத டெக்ஸ்டுக்கும் வேகத்தில் வேறுபாடு இல்லை என்று அதன் ஆவணமே கூறுகிறது. 2012இல் வந்த 9.2 பதிப்பிலிருந்து வார்ச்சாரின் அகலத்தைக் கூட்டுவதற்கோ வரம்பை நீக்குவதற்கோ அட்டவணையை மீண்டும் எழுத வேண்டியதும் இல்லை. அங்கே குறுக்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை, பழக்கத்தைத் தவிர.

மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் கதை இன்னும் விநோதம். வார்ச்சார் என்று மட்டும் சொல்லி நீளத்தைச் சொல்ல மறந்தால், மாறியை அறிவிக்கும் இடத்தில் நீளம் 1 என்று கொள்ளப்படும். மதிப்பை வகை மாற்றும் இடத்தில் 30 என்று கொள்ளப்படும். இரண்டிலும் மிச்சம் சத்தமின்றிப் போகும். அட்டவணைக்குள் செலுத்தும்போது பிழை காட்டும் என்பது உண்மையே. ஆனால் எந்த நெடுவரிசை, எந்த மதிப்பு என்று சொல்லாமல் "வெட்டப்பட்டிருக்கும்" என்று மட்டும் சொல்லும் அந்தச் செய்தியோடு நிரலாளர்கள் மிகப் பல ஆண்டுகள் மல்லாடினார்கள். விவரம் சொல்லும் செய்தி 2019 பதிப்பையொட்டியே வந்து சேர்ந்தது. ஆரக்கிள் மறுக்கத்தான் செய்யும். ஆயினும் அதன் வார்ச்சார்2 வகை இயல்பமைப்பில் பைட்டால் அளப்பது; 100 என்று எழுதியவர் 33 தமிழ்க் குறியெண்களுக்கே இடம் ஒதுக்கியிருக்கிறார்.

மூன்று பைட்டாவது பரவாயில்லை என்று சொல்ல வேண்டிய மொழிகளும் இந்தியாவில் உள்ளன. உருது எழுத்து யுடிஎஃப்-8இல் இரண்டு பைட்டு. தேவநாகரி, வங்காளம், தமிழ், சந்தாலியின் ஓல் சிக்கி, மணிப்புரியின் மெய்தெய் மயேக் எல்லாம் மூன்று. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் வாழும் ஹோ மக்களின் வாரங் சித்தி எழுத்தும், மிசோரம், திரிபுரா பகுதிகளில் வழங்கும் சக்மா எழுத்தும் நான்கு பைட்டு. மைஎஸ்க்யூஎல் நெடுங்காலம் யுடிஎஃப்8 என்ற பெயரில் கொடுத்துவந்த எழுத்துக்குறி முறை மூன்று பைட்டுக்கு மேல் ஏற்காதது. நான்கு பைட்டையும் ஏற்கும் முறை வேறு பெயரில் 2010இல் வந்தது, 2018இல் வெளியான 8.0 பதிப்பில்தான் இயல்பமைப்பாயிற்று. பழைய முறையில், கண்டிப்பு இல்லாத அமைப்பில், நான்கு பைட்டு எழுத்தைச் சந்தித்தால் இணைப்பின் அமைப்பைப் பொறுத்து அது கேள்விக்குறியாகும், அல்லது அவ்விடத்திலேயே உரை முடிந்துவிடும். ஹோ மொழியில் எழுதப்பட்ட விடை முதல் எழுத்திலேயே முடிந்துவிடும் என்பது இதன் பொருள். எவ்வளவு அகலமான நெடுவரிசை இருந்தாலும் அங்கே சேமிக்கப்படுவது வெற்றுரை. ஒரு மொழியே இல்லை என்று ஆவணப்படுத்த இதைவிட எளிய வழி இல்லை.

தமிழ் அறிஞர்கள் இதைப் பிறர் துயரம் என்று கடந்துபோக முடியாது. கிரந்த எழுத்து 2014இல் ஒருங்குறிக்குள் வந்தது. தமிழின் பழைய பின்னக் குறிகள், முந்திரி, காணி, மா என்பவற்றுக்கான வடிவங்கள், தமிழ்த் துணைநிரல் என்ற தொகுதியாக 2019இல் வந்தன. இரண்டும் நான்கு பைட்டு வட்டாரத்தில் இருப்பவை. நிலக்கொடைக் கல்வெட்டு ஒன்றின் பாடத்தைக் குறிகளோடு உள்ளவாறே தட்டச்சு செய்து பழைய முறைப்படி அமைந்த அட்டவணையில் இட்டால், நிலத்தின் அளவைச் சொல்லும் முதல் பின்னக் குறியோடு பாடம் நின்றுபோகக்கூடும். எல்லைகள் போயின, கொடுத்தவர் பெயர் பின்னால் வந்திருந்தால் அதுவும் போயிற்று. ஆயிரம் ஆண்டு மழையிலும் வெயிலிலும் நின்ற பாடம்!

நூலகத் துறையினர் தங்களுக்கு இது புதிதன்று என்பார்கள், அது நியாயமே. மார்க் பதிவுகளைப் பரிமாறும் ஐஎஸ்ஓ 2709 வடிவத்தில் ஒரு புலத்தின் நீளத்தைக் குறிக்க நான்கு இலக்கங்கள், முழுப் பதிவின் நீளத்தைக் குறிக்க ஐந்து இலக்கங்கள் மட்டுமே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. புலத்துக்கு 9,999, பதிவுக்கு 99,999 என்பது உச்சம். யுடிஎஃப்-8இல் இவை பைட்டுகள். ஆங்கிலத்தில் பத்தாயிரம் எழுத்து வரை உள்ளடக்கக் குறிப்பு எழுதும் நூலகர், தமிழில் ஏறத்தாழ 3,300 குறியெண்களோடு நிறுத்த வேண்டும். காந்த நாடாக் காலத்தில் அந்த வரம்புக்கு ஒரு நியாயம் இருந்தது. குறைந்தபட்சம் வரம்பு அங்கே எழுத்தில் இருக்கிறது. நூலகர்கள் அதை அறிவார்கள்.

ஆய்வாளர்கள் நாள்தோறும் புழங்கும் கருவிகளில் அந்த அறிதலும் இல்லை. சாஸ் மென்பொருளில் ஒரு மாறிக்கு நீளம் அறிவிக்கப்படாவிட்டால், முதலில் வந்த மதிப்பே அதன் நீளத்தைத் தீர்மானிக்கும். ஆங்கிலத்தில் 'மேல்' என்பது முதலில் வந்தால் நான்கு எழுத்து; பின்னால் வரும் 'ஃபீமேல்' முதல் நான்கு எழுத்தோடு நின்றுவிடும். சாஸ் கற்பிக்கும் வகுப்புகளில் சிரிப்போடு சொல்லப்படும் பழைய எடுத்துக்காட்டு இது. தமிழில் 'ஆண்' 9 பைட்டு, 'பெண்' 12. முதலில் ஆண் வந்துவிட்டால் பெண் தன் புள்ளியை இழந்து 'பெண' என்று நிற்பாள்; இதற்கு வகுப்பில் யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை. பைத்தானின் நம்பை நூலகத்தில் ஒரு வரிசையை 'ஆம்' என்ற மதிப்போடு மட்டும் உருவாக்கினால் அதன் அகலம் மூன்று குறியெண்கள். பின்னர் அதே இடத்தில் 'ஆம் என்று சொல்ல முடியாது' என்று வைத்தால், பிழையுமின்றி எச்சரிக்கையுமின்றி அங்கே நிற்பது 'ஆம்'. ஸ்டேட்டாவில் 2013இன் 13ஆம் பதிப்புக்கு முன்புவரை ஓர் உரை மாறிக்கு உச்சம் 244 பைட்டு. நிலப்படத் தரவுகளைச் சுமக்கும் ஷேப்ஃபைலின் உரைப் புலத்துக்கு 254. நெடுவரிசைப் பெயருக்கோ பத்தே எழுத்து. ஒரே தரவு இம்மூன்றின் வழியாகவும் பயணம் செய்து இறுதியில் அகலமான ஒரு லாங்டெக்ஸ்ட் நெடுவரிசையில் வந்து அமரும்போது, அந்த அகலத்தைக் கண்டு தரவு முழுமையானது என்று நம்புவார்கள். குறுகிய வாயிலில் கிழிந்த சட்டை அகலமான அறைக்குள் வந்ததும் தைந்துவிடாது.

எதிர்வாதங்கள் உண்டு. இடச் செலவு என்பது முதலாவது. மாறு நீள வகைகளில் உரை எவ்வளவோ அவ்வளவு இடமே செலவாகும்; 'ஆம்' என்ற விடை வார்ச்சார் 10இலும் வார்ச்சார் 1,000இலும் ஏறக்குறைய ஒரே இடத்தைத்தான் பிடிக்கும். ஆயிரம் நேர்காணல்களின் முழு எழுத்துரு ஒரு கைப்பேசி எடுக்கும் சில நிமிடக் காணொளியைவிடச் சிறியது. இந்த வாதம் தகுதியற்றது, இதில் நேரம் செலவிட வேண்டாம்.

இரண்டாவது வாதம் கனமானது. எல்லாவற்றையும் லாங்டெக்ஸ்ட் என்று வைத்துவிட்டால் தரவுக்கு ஒழுங்கு ஏது? அஞ்சல் குறியீட்டெண் ஆறு இலக்கம் என்பது ஓர் உண்மை. அதை நெடுவரிசையின் வகையே காக்க வேண்டும். மேலும் மைஎஸ்க்யூஎல்லில் வார்ச்சாரை டெக்ஸ்டாக மாற்றினால் அட்டவணைச் சுட்டுக்கு முன்னொட்டு நீளம் தனியே தர வேண்டும். இன்னோடிபியின் பழைய வரிசை வடிவில் சுட்டின் உச்சம் 767 பைட்டு, நான்கு பைட்டு முறையில் அது 191 எழுத்து. வார்ச்சாரின் அகலத்தைக் கூட்டும்போதும் 255 பைட்டு என்ற எல்லையைத் தாண்டினால் நீளத்தைக் குறிக்கும் பைட்டு ஒன்றிலிருந்து இரண்டாகும், முழு அட்டவணையும் நகலெடுக்கப்படும். இவை யாவும் உண்மையே. இவற்றிலிருந்து கிடைக்கும் முடிவு என்ன? வரம்பு பொருளின் இயல்பிலிருந்து வரும்போது அது ஒழுங்கு. அஞ்சல் குறியீட்டெண்ணில் ஏழாவது இலக்கம் வந்தால் அது பிழை, மறுக்கப்பட வேண்டும். மனிதர் சொன்ன விடைக்கு 255 என்ற வரம்பு எந்தப் பொருளின் இயல்பிலிருந்து வந்தது? ஒரு பைட்டுக்குள் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் அது, மைஎஸ்க்யூஎல் 5.0.3க்கு முன்பு வார்ச்சாரின் உச்சமும் அதுவே. நினைவகம் தங்கம்போல் விற்ற நாளின் எண் ஒன்று, அதன் காரணம் மறந்துபோன பிறகும், படிவம் படிவமாக நகலெடுக்கப்பட்டு வருகிறது. ஒழுங்கு வேண்டுவோர் கேட்க வேண்டியது மறுக்கும் வரம்பை. அவர்கள் ஏற்றுக்கொண்டிருப்பதோ வெட்டும் வரம்பை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால்தான் வாதம் கனமாகத் தோன்றுகிறது.

மூன்றாவது வாதம் வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை. ஆனால் நடைமுறையில் அதுவே ஆள்கிறது. நீண்ட விடைகள் எப்படியும் படிக்கப்படுவதில்லை, குறியீடு இடத்தான் போகிறோம், முதல் சில சொற்கள் போதும். இங்குதான் சிக்கல் மொழியிலிருந்து நீதிக்கு நகர்கிறது. வெட்டு எல்லோர்மீதும் சமமாக விழுவதில்லை. சுருக்கமாகப் பேசுபவரின் விடை முழுமையாக நிற்கும். தயங்கி, சூழலைச் சொல்லி, "ஆனால்" என்று திரும்பி, பிறகு மறுப்பவரின் விடை திரும்பும் முன்பே முடிந்துவிடும். 'ஆம்', 'இல்லை' என்று விடை சொல்லக்கூடிய நிலையில் உள்ளவர்கள் யார், சுற்றி வளைத்து மட்டுமே உண்மையைச் சொல்ல முடிந்தவர்கள் யார் என்பதைக் கள ஆய்வு செய்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. வேலை கொடுத்தவருக்கு எதிரே நின்று கூலியைப் பற்றிப் பேச நேர்ந்தவர் முதல் 85 குறியெண்களுக்குள் மறுப்பதில்லை. புள்ளியியலின் சொற்களில் சொன்னால், இது தற்செயலாக விடுபட்ட தரவு அன்று. விடுபட்டதற்கும் சொன்ன கருத்துக்கும் தொடர்பு இருக்கிறது. அத்தொடர்பு எந்தத் திசையில் சாய்கிறது என்று அறிய வேண்டிய பகுதிதான் போய்விட்டது.

ஆய்வு வழிகாட்டிகளும் புறத்தேர்வாளர்களும் இதில் செய்யக்கூடியது கடினமானதாக இல்லை. உரை நெடுவரிசையின் வகை மாற்றப்பட்டிருந்தால் பழைய வகை, புதிய வகை, எந்த அளவுகோல், மாற்றத்துக்கு முன்பும் பின்பும் மிக நீண்ட மதிப்பின் நீளம் ஆகியவற்றை முறையியல் இயலில் ஒரு பத்தியாகக் கேட்கலாம். வாய்மொழித் தேர்வில் மாதிரி அளவைப் பற்றிப் பதினைந்து நிமிடம் வினவுபவர்கள் இதற்கு ஒரு நிமிடம் ஒதுக்கலாம். மாற்றுவோர் பழைய நெடுவரிசையை அழிக்காமல், புதியதை அதன் பக்கத்தில் உருவாக்கி, இரண்டின் நீளங்களையும் ஒப்பிட்டு, வேறுபடும் வரிசைகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்கலாம். சுருக்கியே ஆக வேண்டும் என்றால் சுருக்கியவர் பெயரும் நாளும் ஒரு நெடுவரிசையில் இருக்கட்டும். வெட்டப்பட்ட இடத்தில் ஒரு குறி இருக்கட்டும். கண்டிப்பு முறையை அணைக்கச் சொல்லும் தொழில்நுட்ப உதவியாளரிடம், அதை எழுத்தில் தரும்படி கேட்கலாம்.

ஏற்கெனவே கைவசம் உள்ள தரவுகளுக்கு ஒரு சோதனை போதும். ஒவ்வோர் உரை நெடுவரிசையிலும் மதிப்புகளின் நீளத்தை, ஒருமுறை குறியெண்ணாலும் ஒருமுறை பைட்டாலும், எண்ணி வரிசைப்படுத்திப் பார்க்கலாம். மனிதர் பேச்சின் நீளம் பலவாறு சிதறிக் கிடக்கும்; உச்சியை நெருங்க நெருங்க எண்ணிக்கை மெலிந்துகொண்டே போகும். அவ்வாறின்றி 255இலோ 254இலோ 244இலோ, தமிழ் என்றால் 85இலோ 84இலோ 81இலோ, பத்தும் நூறுமாக விடைகள் ஒரே நீளத்தில் வந்து குவிந்து நின்றால், அவர்கள் அனைவரும் ஒரே எழுத்தில் பேச்சை நிறுத்தவில்லை. அப்போது முதலில் விசாரிக்க வேண்டியது, கையால் எழுதிய மூலக் குறிப்பேடுகள் எந்த அலமாரியில் இருக்கின்றன, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை.